தாத்தாவின் பெயர் குடும்பப்பெயர் ஆனால்: அபூர்வப் பெயரின் வேரைத் தேடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து வளர்ந்த என் பெரியப்பாவின் பேத்தி, சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “சித்தப்பா, நம்ம குடும்பப்பெயருக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். அவள் ஏற்கெனவே இணையத்தில் தேடிவிட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது. பெண்கள் இடுப்பில் கட்டும் உடை என்று விடை வந்திருக்கிறது. வகுப்பில் யாருக்கும் அது தெரிந்துவிடக் கூடாதே என்பது அவள் கவலை. அவளுடைய குடும்பப்பெயர் பாவாடை. அது என் தாத்தாவின் பெயர்.

அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. அதில் பாதி நாள்கள், தொடங்கக் கூடாத இடத்தில் தொடங்கியதால் வீணாயின. அந்த அலைச்சலில் கற்றதை, இதே தேடலை முதன்முறையாகச் செய்ய நினைக்கும் மலேசிய ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்களுக்காக வரிசைப்படுத்தித் தருகிறேன். என் எடுத்துக்காட்டு பாவாடை என்றாலும், உங்கள் வீட்டில் இருப்பது பக்கிரியோ அப்பலசாமியோ சந்தியாகுவோ எதுவாயினும் செய்முறை பெரிதாக மாறாது.

முதலில், அது குடும்பப்பெயர்தானா என்று பாருங்கள்

மலேசியத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தலைமுறை தோறும் தொடர்ந்து வரும் குடும்பப்பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் நிற்கும் ‘ஏ/எல்’ என்பது ‘அனாக் லெலாக்கி’, அதாவது மகன். ‘ஏ/பி’ என்பது ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது மகள். பழைய தாள்களில் இவையே ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று இருக்கும். இந்த முறையில் ஒருவரின் பெயர் அவர் பிள்ளைகளின் தாள்களில் வால்போல வந்து, பேரப்பிள்ளைகளின் தாள்களில் காணாமல் போய்விடுகிறது. என் தந்தையின் அட்டையில் பாவாடை என்னும் பெயர் உண்டு. என் அட்டையில் இல்லை. என் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே நான் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் 1980களில் பெர்த்துக்குக் குடியேறிய பெரியப்பா, அங்கே ஒவ்வொரு படிவத்திலும் ‘குடும்பப்பெயர்’ என்றிருந்த கட்டத்தில் எதையாவது எழுத வேண்டியிருந்ததால், தம் தந்தையின் பெயரை எழுதினார். அந்த நாட்டு வழக்கப்படி அது அவர் மகனுக்கும் பேத்திக்கும் இறங்கியது. குடும்பப்பெயரே இல்லாத குடும்பத்தில், ஒரு படிவத்தின் காலிக் கட்டத்தினால், ஓர் அபூர்வக் குடும்பப்பெயர் இப்படித்தான் பிறந்தது. வெளிநாடுகளில் நம்மவர்களிடம் காணப்படும் அரிய குடும்பப்பெயர்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், உங்கள் பெயரும் கடல் கடந்தபோது குடும்பப்பெயராக மாறிய ஒரு தந்தை பெயர்தானா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அவ்வாறு இல்லாவிட்டால் வேறு சில வாய்ப்புகள் உள்ளன. தெலுங்குக் குடும்பமானால் அது ‘இண்டிபேரு’ என்னும் வீட்டுப்பெயராக இருக்கலாம். மலையாளக் குடும்பமானால் தறவாட்டுப் பெயராக இருக்கலாம். இவை இரண்டும் உண்மையிலேயே தலைமுறை தாண்டி வருபவை. பிள்ளை, நாயுடு, படையாட்சி போன்றவை பட்டங்கள். அவை ஒரு சமூகத்தைக் காட்டுமே தவிரத் தனி ஒரு குடும்பத்தைக் காட்டமாட்டா என்பதால், அவற்றின் பின்னே நெடுநாள் அலைவதில் பயனில்லை.

ஆங்கில எழுத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழில் எழுதுங்கள்

நான் செய்த முதல் தவறு, பெர்த்திலிருந்து வந்த ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே தேடுபொறியில் இட்டதுதான். எங்கள் குடும்பத்திலேயே அந்தப் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. பெரியப்பாவின் தாளில் நடுவில் ‘வி’ வருகிறது, முடிவில் ‘ஏ, ஐ’ வருகிறது. என் தந்தையின் தாளில் ‘வி’ போய் ‘டபிள்யூ’ வந்து, முடிவு ‘ஏ, ஒய்’ ஆகிவிட்டது. அத்தையின் தாளிலோ பெயர் பஸ்ஸுக்கு எழுதும் எழுத்தில் தொடங்குகிறது. மூவரும் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரே வீட்டில் பிறந்து ஒரே தகப்பனுக்குப் பிள்ளைகளானவர்கள். ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு இவர்கள் மூன்று வேறு குடும்பத்தினராகத் தெரிவார்கள்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு, அது எங்கள் ஊரிலேயே தொடங்குகிறது. 1948 ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் அதற்கு அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படமும் கைநாட்டும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. அதுவரையில் தோட்டத்துத் தமிழரின் பெயர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒலித்தது, செக்ரோல் என்னும் தொழிலாளர் பேரேட்டில் கிராணியின், அதாவது தோட்ட எழுத்தரின், கையெழுத்தில் இருந்தது, அவ்வளவே. அதன் பிறகுதான் அது எல்லாருக்கும் அரசாங்கத் தாளில் ஆங்கில எழுத்தில் உறைந்தது. எழுதியவர் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருக்கலாம். அவர் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார். சொன்னவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாததால் சரிபார்க்க வழியில்லை. நம் லட்சுமிகளின் பெயரில் ‘டி, சி, எச்’ நுழைந்ததும், ஒரே சின்னையா ஒரு தாளில் ‘எஸ்’ஸிலும் இன்னொரு தாளில் ‘சி, எச்’சிலும் தொடங்குவதும் இப்படித்தான்.

எனவே வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரிடம் சென்று, அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். “உங்கள் அப்பா பெயர் என்ன?” என்று மட்டும் கேட்காமல், “தோட்டத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள்?” என்றும் கேளுங்கள், ஏனென்றால் இரண்டும் பெரும்பாலும் வேறாக இருக்கும். எண்பது வயதைக் கடந்த என் அத்தையிடம் கேட்டபோது, “அப்பாவ யாரு தம்பி பேரு சொல்லிக் கூப்புட்டா? அவலூர்பேட்டயான்னுதான் கூப்புடுவாங்க” என்றார். எட்டு மாதத் தேடலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தடயம் அந்த ஒரு வாக்கியம்தான். அதைக் கடைசியில் போய்க் கேட்டது என் மடமை.

வீட்டுத் தாள்களை வயது வரிசையில் அடுக்குங்கள்

தந்தையின் பிறப்புப் பத்திரம், அதாவது நாம் ‘சூராட் பெரானாக்’ என்று சொல்வது, தாத்தாவின் மரணப் பத்திரம், பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, பழைய இந்தியப் பாஸ்போர்ட், சேமநிதி அறிக்கை, தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் சந்தா அட்டை என்று எது கிடைத்தாலும் எடுங்கள். ஊழியர் சேமநிதி 1951இலும் அந்தத் தொழிற்சங்கம் 1954இலும் தொடங்கியவை. ஆகவே அந்தத் தாள்கள் தாத்தாக்களின் வேலைக்காலத்தின் பிற்பகுதியைத்தான் காட்டும். எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகமும் பல வீடுகளில் இருக்கும். இவற்றில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்பவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், எழுத்துக்கூட்டல் எந்தத் தாளில் மாறியது என்பது தானே தெரிந்துவிடும்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளின் படி வேண்டுமானால் தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பிக்கலாம். ஆனால் உறவை நிரூபிக்கும் தாள்களோடும், தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டல்களோடும் செல்லுங்கள். ஒரே எழுத்துக்கூட்டலைச் சொல்லித் தேடச் சொன்னால், ‘பதிவு இல்லை’ என்ற பதிலோடு திரும்ப நேரிடும்.

மற்ற எல்லாவற்றையும்விட விலைமதிப்புள்ளது ஊரிலிருந்து வந்த கடிதம். நீல நிற விமானத் தபாலின் பின்புறத்தில் அனுப்பியவரின் முகவரி இருக்கும். கிராமம், அஞ்சல், ‘வழி’, தாலுகா, ஜில்லா என்ற வரிசையில் அது எழுதப்பட்டிருக்கும். கிராமத்தின் பெயர் அழிந்திருந்தாலும், இன்ன ஊர் ‘வழி’ என்ற சொல் தப்பியிருந்தால் பத்து மைல் சுற்றளவுக்குள் வந்துவிடலாம். பாட்டியின் தகரப் பெட்டியில் இப்படிப்பட்ட கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. லயத்தை விட்டு மலிவு வீட்டுக்கு மாறிய நாளில், கரையான் அரித்த பெட்டி என்று அதைத் திறந்துகூடப் பார்க்காமல் குப்பைக் குழியில் போட்டவன் நானேதான். உங்கள் வீட்டில் பெட்டி இன்னும் இருந்தால், இந்தக் கட்டுரையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்த் திறந்து பாருங்கள். கிடைப்பதைப் படமெடுத்து, காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஒட்டி ‘லேமினேட்’ செய்யாதீர்கள், பிறகு அதைப் பிரிக்க முடியாது.

தோட்டம் இன்னும் இருந்தால்

தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல் இருக்குமா என்று கேட்பதில் தவறில்லை. ஆயினும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலிலும், பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்த மாற்றத்திலும், நிர்வாகங்கள் கைமாறக் கைமாறத் தாள்கள் அழிந்தன. நான் சென்ற அலுவலகத்தில் இருந்த இளைஞருக்குச் செக்ரோல் என்ற சொல்லே புதிது.

தமிழில் எழுதப்பட்ட பதிவுகள் வேறிடங்களில் உள்ளன. மாரியம்மன் கோயிலின் உபயதாரர் பலகை, தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, இடுகாட்டுக் கல்லறைகள், கல்யாண வீட்டு மொய் நோட்டு ஆகிய நான்கும் நம்மவர் கையால் நம் எழுத்தில் எழுதப்பட்டவை. எனவே பெயர் சிதையாமல் இருக்கும். இவற்றில் மொய் நோட்டை யாரும் ஓர் ஆவணமாக நினைப்பதில்லை. எங்கள் பழைய அண்டைவீட்டார் ஒருவர், 1962இல் நடந்த தம் பெற்றோரின் திருமணத்து மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்த பக்கங்களில் ஊதா மையில் ஊர், பெயர், வெள்ளிக் கணக்கில் தொகை என்று மூன்று பத்திகள். அதில் ‘அவலூர்பேட்டை பாவாடை – வெ. 2’ என்று ஒரு வரியும், அதற்குப் பதினொரு வரி கீழே ‘மேல்லயம் பாவாடை – வெ. 1’ என்று இன்னொரு வரியும் இருந்தன. ஆக, எங்கள் தோட்டத்தில் மட்டுமே இரண்டு பாவாடைகள் இருந்திருக்கிறார்கள். யார் எவர் என்று தெரிவதற்காகத்தான் தாத்தாவுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. அபூர்வப் பெயர் என்று நான் எண்ணியிருந்ததைப் பற்றிய என் எண்ணம் அந்த இரண்டாவது வரியில்தான் முதன்முதலாக ஆட்டம் கண்டது.

பொருளைத் தேடும்போது சாமியையும் சேர்த்துத் தேடுங்கள்

பெயரின் பொருளுக்கு அகராதியைப் பார்ப்பது இயல்பு. ஆனால் இன்றைய பேச்சுவழக்கிலுள்ள பொருளோடு நிறுத்திவிடக் கூடாது. பாவுதல் என்றால் பரப்புதல். பாவாடை என்பது முதலில் பரப்பப்பட்ட துணி. சாமி புறப்பாட்டிலும் பெரியவர்கள் வரும்போதும் வழியில் விரிப்பது நடைபாவாடை. தெய்வத்தின் முன் துணி விரித்துச் சோற்றைக் குவித்துப் படைப்பது அன்னப்பாவாடை. இடுப்பில் கட்டுவது இந்தச் சொல்லின் பல பொருள்களில் ஒன்றுதான். இவ்வளவு அறிந்த பிறகும், ஓர் ஆண்பிள்ளைக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தார்கள் என்பதற்கு அகராதி பதில் சொல்லாது. அதற்குப் பதில் கோயிலில் இருக்கிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் காவல் நிற்கும் சாமி பாவாடைராயன். அந்த வட்டாரத்தில் அவருக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்குப் பாவாடை என்று பெயரிடுவது இயல்பு. அவலூர்பேட்டை அங்கிருந்து தொலைவில் இல்லை.

இங்கேதான் நம் பழைய பெயர்களின் உண்மையான பயன் வெளிப்படுகிறது. பெயர் ஒரு நாட்டுப்புறத் தெய்வத்தைச் சுட்டினால், அந்தத் தெய்வத்தை எங்கே கும்பிடுகிறார்களோ அந்தச் சீமைதான் பெரும்பாலும் குடும்பத்தின் பூர்வீகம். சுடலை, இசக்கி, பேச்சிமுத்து என்றால் திருநெல்வேலிப் பக்கம் பாருங்கள். சோணை, அழகர் என்றால் மதுரை, சிவகங்கை. செல்லாண்டி, நாச்சிமுத்து என்றால் கொங்கு நாடு. அப்பலசாமி என்று வந்தால் தமிழ்நாட்டிலேயே தேட வேண்டாம். அது விசாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள சிம்மாசலத்து அப்பன்னாவின் பெயர். பக்கிரிசாமி என்பதில் உள்ள பக்கிரி, ஃபக்கீர் என்னும் சொல். நாகூர் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு இந்துக் குடும்பங்களும் வைத்த பெயர் என்பதால், காவிரிப் படுகையை, அதிலும் நாகப்பட்டினப் பக்கத்தை முதலில் பாருங்கள். மாறாக, மாரிமுத்து, முனியாண்டி, ஆறுமுகம் போன்றவை எங்கும் இருப்பவை. அவற்றிலிருந்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. எப்படியாயினும் பெயர் தருவது தடயம் மட்டுமே என்பதையும், கடிதமோ மொய் நோட்டோ அதை உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கேட்பதற்குக் கூச்சம் தரும் இன்னொரு வகைப் பெயர்கள் உண்டு. பிச்சை, குப்பன், குப்பம்மாள், மூக்கன், தவிடு என்றெல்லாம் தாத்தா பாட்டிகளின் பெயர் இருந்தால், முன்னோர் பிச்சை எடுத்தவர்கள் என்றோ குப்பை அள்ளியவர்கள் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். முன்பு பிறந்த பிள்ளைகள் தக்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையை எமன் கண்ணில் படாமல் மறைக்க வேண்டிச் செய்த சடங்குகளின் பெயர்கள் அவை. பிள்ளையைக் குப்பையில் இட்டுப் புரட்டி எடுத்தார்கள், படித் தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள், மூக்குக் குத்திவிட்டார்கள், மடிப்பிச்சையாகப் பெற்றார்கள். அவமானமாகத் தோன்றும் அந்தப் பெயர், உண்மையில் அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் எத்தனையோ தொட்டில்கள் காலியாயின என்பதற்கான சாட்சி.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வேறொரு திறவுகோல் தேவை. சந்தியாகு என்பது போர்த்துக்கீசியரின் சந்தியாகோ. சூசை என்பது ஜோசே. இன்னாசி என்பது இக்னேசியஸ். சவரிமுத்து என்பதில் இருப்பவர் புனித சவேரியார். அருளப்பர் என்றால் யோவான், சின்னப்பர் என்றால் பவுல். ஆகையால் சின்னப்பன் என்ற பெயரைப் பார்த்தவுடன் அதைச் ‘சின்ன அப்பன்’ என்று விளக்குவதற்கு முன், அந்த வீட்டார் எந்தக் கோயிலுக்குப் போனார்கள் என்று கேட்க வேண்டும். கத்தோலிக்கராயின் உங்களுக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு: பங்குக் கோயில்கள் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பொதுவாகப் பேணி வைத்திருக்கும்.

கடலுக்கு அப்பால்

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் பெரும்பாலும் கங்காணிகள். தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய், தனக்குத் தெரிந்த உறவினரையும் பக்கத்து ஊராரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிப் பினாங்குக்கோ அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்துக்கோ கொண்டுவந்தார். 1938இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை இது நடந்தது. இதிலிருந்து தேடுபவருக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது: உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும், அவருடைய கங்காணியின் ஊர் தெரிந்தால் போதும். கங்காணி வீட்டு வாரிசுகளுக்குப் பூர்வீகத்தோடு தொடர்பு நீடித்திருப்பது வழக்கம் என்பதால், அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால், பிஜி, மொரீஷியஸ் முதலிய இடங்களுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பெயர், தந்தை பெயர், கிராமம், அங்க அடையாளம் வரை எழுதிய பதிவுகள் உள்ளன. அதைக் கேள்விப்பட்டு நமக்கும் அப்படி ஒன்று எங்கோ இருக்கும் என்று நம்பி அலைபவர்கள் பலர். கங்காணி வழி வந்தவர்களுக்கு அத்தகைய தனிநபர்ப் பதிவு கிடைப்பது அரிது. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், ஊரும் கங்காணியும் ஓரளவு தெரிந்த பிறகு செல்ல வேண்டிய இடங்கள். வெறும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முதல் நாளே செல்ல வேண்டிய இடங்கள் அல்ல. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் இருப்பதால், கங்காணிகளின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அதில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

முகவரியில் கிடைக்கும் ஜில்லாவின் பெயர் இன்று இருக்காது. அவலூர்பேட்டையை அத்தை ‘தென்னார்க்காடு ஜில்லா’ என்றே சொன்னார். அந்த மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்துவிட்டது. வட ஆர்க்காடு 1989இல் பிரிந்தது. பழைய தாலுகாவின் பெயரை வைத்துக்கொண்டு, அது இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்த பின்னரே அடுத்த அடி வையுங்கள்.

1942, 1943இல் தாத்தாவின் தம்பியோ அண்ணனோ திடீரென்று எந்தத் தாளிலும் வராமல் போனால், ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவராக இருக்கக்கூடும். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் காணாமல் போனவர், குடியுரிமை இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பியவராக இருக்கலாம். அப்படியானால் உங்கள் பெயரின் இன்னொரு கிளை அங்கே இருக்கிறது.

எவ்வளவு பேருக்கு இந்தப் பெயர்?

ஒரு குடும்பப்பெயர் உலகில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிக்கையும் வரைபடமும் காட்டும் இணையதளங்கள் பல உள்ளன. அவை ஒருவரின் பெயரில் கடைசியாக வரும் சொல்லைக் குடும்பப்பெயராக எண்ணுகின்றன. நம் விஷயத்தில் அந்தச் சொல் தந்தையின் பெயர். எனவே மலேசியாவில் இன்ன ‘குடும்பப்பெயர்’ கொண்டவர்கள் இத்தனை பேர் என்று அவை சொன்னால், அந்தப் பெயர் கொண்ட தகப்பன்மாருக்கு இத்தனை பிள்ளைகள் என்பதே அதன் பொருள். அதுவும் மூன்று எழுத்துக்கூட்டலில் ஒன்றை மட்டும் எண்ணிய கணக்கு. அந்த எண்களைக் குடும்பக் குறிப்பில் எழுதாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து.

இதைவிட நம்பகமான ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வாக்காளர் பட்டியல் வாக்குச்சாவடி வாரியாகத் தமிழிலேயே கிடைக்கிறது. ஒவ்வொரு வாக்காளரின் பெயருக்குக் கீழேயும் தந்தை அல்லது கணவர் பெயரும் வயதும் இருக்கும். நீங்கள் ஊகித்த வட்டாரத்தின் சில கிராமங்களை எடுத்து, வயது முதிர்ந்தவர்களின் ‘தந்தை பெயர்’ வரிகளை மட்டும் படித்துக்கொண்டே போங்கள்; பிறகு தொலைவிலுள்ள வேறொரு மாவட்டத்தின் கிராமங்களையும் அதேபோல் படியுங்கள். நான் செஞ்சிப் பக்கத்துப் பட்டியல்களில் பாவாடை என்ற பெயரைப் பலமுறை கண்டேன். ஒப்பிடுவதற்காக எடுத்த திருநெல்வேலிப் பக்கத்துப் பட்டியல்களில் ஒருமுறைகூடக் காணவில்லை. பெர்த்தில் ஒரே ஒரு வீட்டுக்கும், சுங்கை சிப்புட்டில் சில முதியவர்களின் நினைவுக்கும் சுருங்கிவிட்ட பெயர், பிறந்த மண்ணில் தெருவுக்குத் தெரு இருந்திருக்கிறது.

அந்தப் பட்டியல்களிலும் இளைஞர்களுக்கு அந்தப் பெயர் இல்லை. பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்து போன காலத்திலிருந்து சாதிப் பட்டங்கள் இங்கே உதிரத் தொடங்கின. அடுத்து வந்த தலைமுறை தூய தமிழ்ப் பெயர்களை விரும்பியது. அதற்கும் அடுத்தது, நட்சத்திரமும் எண்கணிதமும் பார்த்து, ‘ஷ்’, ‘ஜ்’ இல்லாத பெயரைப் பெயராகவே மதிப்பதில்லை. இந்த மாற்றங்களில் காவல்தெய்வங்களின் பெயர்கள்தாம் முதலில் போயின.

சாதியும் படிவமும்

ஊரைத் தேடிப் போனால் சாதி வந்தே தீரும், ஊரில் முதல் கேள்வியே “நீங்க எந்தத் தெரு?” என்றுதான் இருக்கும். தெரிய வருவதை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அனுப்பும் குடும்பக் குறிப்பில் அதை ஏற்றி, தாத்தா கப்பலில் விட்டுவந்ததை மறுபடி அவர்கள் தலையில் வைக்க வேண்டியதில்லை என்று நான் முடிவு செய்தேன். உங்கள் வீட்டு முடிவு வேறாக இருக்கலாம்.

பூர்வீகம் தெரிந்த உற்சாகத்தில் அடையாள அட்டையில் எழுத்துக்கூட்டலைத் திருத்தப் புறப்படாதீர்கள். நிலப் பட்டாவும் சேமநிதியும் வங்கிக் கணக்கும் அந்தத் தவறான எழுத்தில்தான் இருக்கின்றன. ஒரே ஆளின் பெயர் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருப்பதால் சொத்து, வாரிசு விஷயங்களில் சிக்கல் வந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாணக் கடிதம் எழுதிப் பெறுவது எளிது. வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப்பெயர் கேட்டால், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் மாற்றாமல் எழுதுங்கள். கணவன் ஒன்றும் மனைவி வேறொன்றும் எழுதினால், பிள்ளை பிறந்த பிறகு மருத்துவமனையிலேயே குழப்பம் தொடங்கிவிடும்.

கடைசி வேலை, கண்டதை எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் எழுதி வைப்பது. மேலே பெயரைத் தமிழில் எழுதி, அதன் கீழே எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும், யார் தாளில் எது என்பதையும் குறியுங்கள். பிறகு பொருள், தெய்வம், கிராமம், தாலுகாவின் பழைய பெயரும் புதிய பெயரும், கங்காணி, தோட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது தாளில் கண்டதா, யாராவது சொன்னதா, நீங்கள் ஊகித்ததா என்று ஒரு சொல் எழுதுங்கள். நான் எழுதிய குறிப்பில் பாட்டியின் பூர்வீகத்துக்கு நேரே ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர் பெயரை எந்தப் பிள்ளையின் அட்டையும் சுமக்கவில்லை. பெர்த்துக்கு ஒரு படியை அனுப்பியபோது, மொய் நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அதோடு இணைத்தேன். பேத்தியின் அடுத்த கேள்வி, அந்த மேல்லயத்துப் பாவாடை யார் என்பது. அவரைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை முதலில் அத்தையிடம் கேட்டுவிட்டேன்.